பின்னப் பாடத்தை எல்லோருக்குமாக வடிவமைத்தல்

7 ஜூலை 2025, திங்கள்

ஐந்தாம் வகுப்புக்கு அடுத்த வாரம் பின்னம் தொடங்க வேண்டும். மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று ஆகிய இரண்டில் எது பெரியது என்பதை மாணவர் காரணத்துடன் விளக்க வேண்டும் என்று இலக்கை மட்டும் இன்று பாடக்குறிப்பில் எழுதினேன். எழுதித்தான் விளக்க வேண்டும் என்று இந்த இலக்கு கேட்கவில்லை. எழுத்து மெதுவாக வரும் குழந்தைக்குக் கணக்கே வராது என்று நாம் முடிவுகட்டிவிடுவது பெரும்பாலும் விளக்குவதும் எழுதுவதும் வேறு வேறு என்பதைக் கவனிக்காததால்தான்.

9 ஜூலை, புதன்

இலக்கை நிலையாக வைத்து வழிகளைப் பலவாக்கும் இந்த அணுகுமுறையை, 1984இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட காஸ்ட் (CAST) என்ற கல்வி ஆய்வு நிறுவனம் வளர்த்தெடுத்தது. ஆர்வத்தைத் தூண்டுவதிலும், பாடத்தை முன்வைப்பதிலும், கற்றதை வெளிப்படுத்துவதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கட்டி முடித்த கட்டடத்தில் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை ஒட்டவைப்பதைவிட வரைபடத்திலேயே அதைச் சேர்ப்பது மேல் என்ற கட்டடக் கலைச் சிந்தனையிலிருந்து இது பிறந்தது. எனவே, தடுமாறும் குழந்தைக்குப் பிறகு தனியாகச் சொல்லித்தரலாம் என்று ஒத்திவைக்காமல், மாற்று வழிகளை இப்போதே குறிப்பில் சேர்க்கிறேன்.

14 ஜூலை, திங்கள்

காகிதப் பட்டைகளை மடித்தல், பங்கிடும் கதை, தடித்த சணல் கயிற்றை அட்டையில் ஒட்டி முடிச்சிட்ட எண்கோடு என மூன்றையும் எல்லோர் முன்னும் வைத்தேன். பார்வைக் குறைவுள்ள மாணவியை மனத்தில் வைத்துச் செய்த கயிற்று எண்கோட்டை, நன்றாகப் பார்க்கக்கூடிய பிள்ளைகளும் விரலால் தடவிப் பார்த்தே ஒப்பிட்டார்கள். நான்கு மூன்றைவிடப் பெரியது, ஆகவே நான்கில் ஒன்றுதான் பெரியது என்ற வழக்கமான குழப்பம் எழுந்தபோது, நோட்டில் இரண்டு வரி எழுதவே திணறும் ஒரு மாணவன், "நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்குக் கொஞ்சம்தானே டீச்சர் வரும்" என்றான். இலக்கு கேட்ட காரணம் முழுமையாக அதில் இருக்கிறது. அவனுக்கு முழு மதிப்பெண் பதிந்தேன்.

16 ஜூலை, புதன்

வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்புப் பயிற்றுநருடன் நெடுநேரம் பேசினேன். தமிழ்நாடு அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான எண்ணும் எழுத்தும் திட்டத்தில், மாணவர்களை நாங்கள் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகள் பயிற்சியின் அளவைத் தீர்மானிக்க உதவுகின்றன. ஆனால் ஒரே நிலையிலுள்ள இருவர் ஒரே வழியில் கற்பதில்லை என்பதில் இருவரும் உடன்பட்டோம். நெகிழ்வுக்கும் எல்லை உண்டு. அடுத்த வாரத் தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதுவதே இலக்கு என்பதால், வாய்மொழியை அதற்கு ஈடாக ஏற்க முடியாது. முதலில் பேசிக் கருத்தைத் திரட்டுதல், சொல்லட்டைகள், பாதி நிரப்பிய கடிதம், கூடுதல் நேரம் ஆகியவற்றை விரும்பும் எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கடிதத்தை ஒவ்வொருவரும் எழுதியே தர வேண்டும்.