ஸ்பேஸ் பாரை விடுங்கள்: ஓ லெவல் பிராக்டிகலுக்குப் படித்தபோது கற்றது

நைலிட் என்ற மத்திய அரசு நிறுவனம் நடத்தும் கம்ப்யூட்டர் தேர்வு ஓ லெவல். நான் எழுதியபோது அதன் முதல் தாள் எம்1-ஆர்5. அதில் எம்.எஸ். வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டர் வரும் பகுதிக்குப் படிக்கவே வேண்டாம் என்று நினைத்திருந்தேன். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்த நாளிலிருந்து டைப் செய்கிறேன், ஒரு லெட்டர் அடிக்கத் தெரியாதா என்ற எண்ணம்.

நான் போன பயிற்சி மையத்தில் மாதிரி பிராக்டிகல் வைத்தார்கள். ஒரு பக்கக் கடிதம். பத்திகளின் முதல் வரி அரை இன்ச் உள்ளே தொடங்க வேண்டும், கீழே எண் போட்ட மூன்று குறிப்புகள். நான் அடித்தது அச்சு அசலாகக் கேள்வித்தாளில் இருந்தபடியே இருந்தது. ஆனால் இண்டென்ட்டுக்கு, அதாவது வரியை உள்ளே தள்ளும் இடைவெளிக்கு, உரிய மார்க்கில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஏன் என்று காட்டியவர் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ்வீட்டு அக்கா, மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. என் ஃபைலைத் திறந்து கன்ட்ரோலையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினார். பத்தி தொடங்கும் இடத்திலெல்லாம் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. முதல் பத்தியில் எட்டு, அடுத்ததில் ஒன்பது.

"இதெல்லாம் நீ தட்டின ஸ்பேஸ்டா. இப்போ பாரு" என்று மொத்தத்தையும் செலக்ட் செய்து, எழுத்தளவை 12-லிருந்து 16 ஆக்கினார். புள்ளிகளும் சேர்ந்து அகன்றன. அரை இன்ச் அரை இன்ச்சாக இல்லை. குறிப்புகளின் கதி இன்னும் மோசம். இரண்டாம் வரியை நேராக நிறுத்த நான் வரிமுடிவில் என்டர் தட்டி ஸ்பேஸ் விட்டிருந்தேன். இப்போது வரி பாதியில் உடைந்து, நடுவில் வெற்றிடம் விழுந்து கிடந்தது.

"வரியை நீ தள்ளாதே, பத்திகிட்ட சொல்லிடு, அது பாத்துக்கும்" என்றார். இன்று யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் நான் இதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

சொல்லும் இடம் ஃபார்மேட் மெனுவில் பாராகிராஃப், அதற்குள் 'இண்டென்ட்ஸ் அண்ட் ஸ்பேஸிங்'. அங்கே மூன்று பெட்டிகள் உண்டு. 'பிஃபோர் டெக்ஸ்ட்' பத்தி முழுவதையும் இடப்பக்கத்திலிருந்து நகர்த்தும். 'ஆஃப்டர் டெக்ஸ்ட்' வலப்பக்கத்துக்கு. 'ஃபர்ஸ்ட் லைன்' முதல் வரிக்கு மட்டும். கடிதப் பத்திக்குக் கடைசிப் பெட்டியில் அரை இன்ச் கொடுத்தால் போதும், வேலை முடிந்தது.

பலரும் தடுமாறுவது எண் போட்ட குறிப்புகளுக்கு வேண்டிய ஹேங்கிங் இண்டென்ட்டில். முதல் வரி வெளியே நிற்க, மற்ற வரிகள் உள்ளே போக வேண்டும். எம்.எஸ். வேர்டில் 'ஸ்பெஷல்' என்ற பெட்டியில் 'ஹேங்கிங்' என்றே இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். ரைட்டரின் அந்தப் பெட்டிகளில் அந்தச் சொல்லையே காணோம் என்று நான் வெகுநேரம் தேடினேன். அங்கே 'பிஃபோர் டெக்ஸ்ட்'டில் 1.27 செ.மீ., 'ஃபர்ஸ்ட் லைன்'னில் கழித்தல் குறியோடு -1.27 செ.மீ. கொடுக்க வேண்டும். முழுப் பத்தியையும் உள்ளே தள்ளிவிட்டு முதல் வரியை மட்டும் திரும்ப வெளியே இழுக்கிறோம். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ரூலரிலும் செய்யலாம்: கன்ட்ரோலை அழுத்திக்கொண்டே இடப்பக்கக் கீழ் முக்கோணத்தை வலப்புறம் இழுத்தால் இரண்டாம் வரியிலிருந்து மட்டும் நகரும். ஆனால் தேர்வில் அளவு கேட்டிருந்தால் எண்ணாக அடிப்பதே நல்லது. கண்ணால் பார்த்து இழுத்தால் கொஞ்சம் முன்னே பின்னே போகும்.

கேள்வி இன்ச்சில் இருக்கும், கம்ப்யூட்டர் செ.மீ. காட்டும். பதற வேண்டாம். பெட்டியில் 0.5 அடித்து, பக்கத்தில் இன்ச்சுக்கு உரிய இரட்டை மேற்கோள் குறியைப் போட்டால் அதுவே 1.27 செ.மீ. ஆக மாற்றிக்கொள்ளும்.

முகவரி அடிக்கும்போது ஷிஃப்ட்டோடு என்டர் தட்டுங்கள். வெறும் என்டர் தட்டினால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகி, எல்லாமே முதல் வரிபோல உள்ளே போய்விடும். ஷிஃப்ட் என்டரில் வரி மட்டும்தான் மாறும், பத்தி தொடரும்.

அப்புறம் ஒரு பொறி. வேர்டில் கன்ட்ரோல் எம் அழுத்தினால் பத்தி உள்ளே போகும், கன்ட்ரோல் டி (T) ஹேங்கிங் இண்டென்ட் தரும். வேர்டில் பழகிய கையோடு ரைட்டரில் கன்ட்ரோல் எம் அழுத்தினால், செலக்ட் செய்த பகுதிக்கு நாம் நேரடியாகக் கொடுத்த வடிவமைப்பை அழித்துவிடும். என் நண்பனுக்குப் பயிற்சியின்போது போல்டு எல்லாம் போய்விட்டது. உடனே கன்ட்ரோல் இசட் தட்டி மீட்டான். கொள்குறி வினாவிலும் எந்த மென்பொருளைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று பார்த்த பிறகே விடையைத் தொடுங்கள்.

தமிழில் அடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லதா எழுத்துருவில் ஸ்பேஸ் வைத்து ஒழுங்குபடுத்தியதை நிர்மலாவுக்கு மாற்றினால் இடைவெளி அப்படியே நிற்காது. நம் சொற்கள் நீளம். இரண்டு ஓரமும் நேராக நிற்க ஜஸ்டிஃபை கொடுத்தால் வரிக்குள் இருக்கும் இடைவெளிகளே விரியும், அதில் முன்னால் தட்டிய ஸ்பேஸ் எந்த அளவில் நிற்கும் என்று நம்ப முடியாது.

தேர்வுக்கு முந்தைய இரவு அந்தப் பழைய கடிதத்தையே புதிதாக அடித்தேன். முடித்ததும் கன்ட்ரோல் எஃப்10. பத்திகளின் தொடக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. எழுத்தை 16 ஆக்கினேன், திரும்ப 12-க்குக் கொண்டுவந்தேன். குறிப்புகளின் இரண்டாம் வரி எண்ணுக்குக் கீழே வராமல், சொல்லுக்கு நேர் கீழேயே நின்றது. ஃபைலை அக்காவுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.