பெரியம்மா பென்சிலால் வட்டமிட்ட சொற்கள்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் ஒரு கத்தைத் தாள். சர்க்கரை நோய்க்கான புது மருந்தின் சோதனையில் சேர விருப்பமா என்று கேட்டுக் கொடுத்த சம்மதப் படிவம். புரியாத சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். ‘பிளாசிபோ’வுக்கு மட்டும் இரண்டு வட்டம்.

"வெறும் மாத்திரையைக் கொடுத்து என்னை ஏமாத்துவாங்களா, கண்ணு?"

ஏமாற்று இல்லை பெரியம்மா என்றேன். பிளாசிபோ என்பது பார்க்க அசல் மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும், அது உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, அதற்குப் பெயர்தான் டபுள் பிளைண்ட். இந்தச் சோதனையில் எது வந்தாலும் வழக்கமாகச் சாப்பிடும் சர்க்கரை நோய் மாத்திரை மெட்ஃபார்மின் நிற்காது என்று ஏழாம் பக்கத்தில் இருந்தது, அதையும் விரல் வைத்துக் காட்டினேன்.

வெறும் மாத்திரை எதற்கு என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2016-இல் இங்கே 5,400 பேருக்கு மேல் சேர்ந்து ஒரு எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. 2020 தொடக்கத்தில், கணக்கைத் தனியாகக் கண்காணிக்கும் குழு பிரித்துப் பார்த்தபோது, தடுப்பூசி போட்டவர்களில் 129 பேருக்கும் பிளாசிபோ போட்டவர்களில் 123 பேருக்கும் தொற்று. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமான ஆட்கள். ஊசி வேலை செய்யவில்லை என்று அந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் தெரிந்தது, உடனே ஊசி போடுவதை நிறுத்தினார்கள்.

அப்புறம் ‘பாதக நிகழ்வு’. சோதனைக் காலத்தில் உடம்புக்கு என்ன வந்தாலும் அந்தப் பெயரில் எழுதுவார்கள், வாசற்படியில் தடுக்கி விழுந்தாலும்கூட. மருந்தால் வந்ததா என்பது அடுத்த கேள்வி. அதனால் அந்தப் பட்டியல் நீளமாக இருப்பதைப் பார்த்தே பயந்துவிட வேண்டாம்.

மூன்றாம் கட்டம் என்று போட்டிருந்தது, அதாவது முந்தைய கட்டங்களில் கொஞ்சம் பேரிடம் பார்த்தாயிற்று, இப்போது நிறைய பேரிடம் பார்க்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டால் நடுவில் விட முடியாது என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தவறு! எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், வழக்கமான சிகிச்சைக்கு எந்தக் குறையும் வரக் கூடாது. இதை நான் இரண்டு தடவை சொன்னேன்.

சரி என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசித் தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதினார், டாக்டரிடம் கேட்பதற்காம். வாங்கிப் பார்த்தேன்: "மருந்து நல்லா வேலை செஞ்சா, சோதனை முடிஞ்சப்புறமும் எனக்குக் கிடைக்குமா?"

நான் அதை அவரிடம் சொல்லவே இல்லை.