கண்ணீரும் தண்ணீரும்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றும்போதே என் மகள் கேட்பாள்: "அம்மா, இன்னிக்கு நீ ரைட்டரா, ப்ரூஃப் ரீடரா?" ப்ரூஃப் ரீடர் என்றால் பஜ்ஜி போடச் சொல்லலாம், டூருக்குப் பணம் கேட்கலாம். ரைட்டர் என்றால் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் என் முகத்தை இப்படி வானிலை அறிக்கை போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

திருச்சியில் இருந்துகொண்டு சென்னைப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். பதினான்கு வருடம் ஆகிறது. பக்கத்துக்குப் பத்து ரூபாய். சமையல் புத்தகம், டிஎன்பிஎஸ்சி கைடு, ஜோதிடம், நாவல், எது வந்தாலும் சரி. இடையில் கதை எழுதுகிறேன். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. முதல் தொகுப்பின் விலை 180 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம். முதல் வருடம் 112 பிரதி விற்றதாகக் கணக்கு வந்தது. 2,016 ரூபாய். அந்த மாதம் நான் மெய்ப்புப் பார்த்த தையல் கலைப் புத்தகம் சரியாக இருநூறு பக்கம். இதை வருத்தமாகச் சொல்லவில்லை, சிரிப்பு வந்ததால் சொல்கிறேன். அன்றைக்கு மட்டும் வரவில்லை.

கதைகளை எங்கே அனுப்பினேன் என்று எழுத ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். கதை, எங்கே, தேதி, பதில். நான்காவது கட்டம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் போதிய தபால்தலை ஒட்டிய சுயமுகவரியிட்ட உறையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நம் கையெழுத்திலேயே முகவரி எழுதிய உறை திரும்பி வரும். தடிமனாக வந்தால் கதை உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், பிரிக்கவே வேண்டாம். அது ஒரு அடிதான், ஆனால் பட்டதோடு முடிந்துவிடும். இப்போது மின்னஞ்சல். வேண்டாம் என்று சொல்லக்கூட ஆள் கிடையாது. ஒரு கதைக்காக ஏழு மாதம் தினமும் காலையில் கைபேசியைத் திறந்து பார்த்திருக்கிறேன். பல் துலக்குவதற்கு முன்னால்.

ஆனால் என்னைப் படுக்கவைத்தது நிராகரிப்பு இல்லை. முதல் புத்தகம் வந்ததுதான்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்தது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பதிப்பாளரின் அரங்கில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. இரண்டாம் நாள் மாலை நடுத்தர வயதுக்காரர் ஒருவர் என் புத்தகத்தை எடுத்தார். பின்னட்டையைப் படித்தார். நடுவில் பிரித்து ஒரு பக்கம் முழுவதையும் படித்தார், உதடு அசைந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பிறகு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பொன்னியின் செல்வன் மலிவுப் பதிப்பு இருக்கா?" என்றார். கல்லாவில் இருந்த தம்பி என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டான். அவர் போனதும் புத்தகத்தை நிமிர்த்தி வைத்தேன். அன்று இரவே யாரோ ஐந்து பிரதி வாங்கிக் கையெழுத்துக் கேட்டார்கள், நான் ஆகாயத்தில் இருந்தேன். ஒரே நாளில், இரண்டு மணி நேர இடைவெளியில்.

மார்ச் வந்தது. தொலைபேசி அடங்கிவிட்டது. பதிப்பாளர் அடுத்த புத்தகங்களுக்குப் போய்விட்டார். எழுத உட்கார்ந்தால், முதல் வரியை எழுதியதுமே 'இது அந்தக் கதை அளவுக்கு இருக்குமா' என்று உள்ளே ஒரு குரல். புகழ்ந்தவர்களின் குரல்தான் அது, திட்டியவர்களுடையது அல்ல. ஆறு மாதம் ஒரு கதை எழுதவில்லை. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். மகளின் கேள்வி தொடங்கியது அப்போதுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கடிதம் வந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நான்கு பக்கம், நீல மசி. முதல் கதையின் கடைசி வரியைப் பற்றி மட்டுமே ஒரு பக்கம் எழுதியிருந்தார். கணவனின் காரியம் முடிந்து வந்தவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, சிந்திய தண்ணீரைத் துடைக்கிறாள். அழுகை என்ற பேச்சே இல்லை. என்ன அடக்கம், என்ன சிக்கனம்!

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். "சொம்பைக் கீழே வைத்தாள். தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்." நான் எழுதியது 'கண்ணீரை'. மூன்று மெய்ப்பு நானே பார்த்தேன். அடுத்தவர் புத்தகத்தில் ஒற்றுப் பிழையைக்கூட விடாதவள், என் கடைசி வரியில் கோட்டை விட்டிருக்கிறேன்.

முதலில் அழுதேன், அப்புறம் ரொம்ப நேரம் சிரித்தேன். அந்த ஆறு மாதமாக நான் சுமந்த புகழில் எவ்வளவு இப்படிப்பட்டதோ! அப்படியானால் கேட்டு நொந்துபோன வசவுகளும்தானே? மறுபதிப்பு வந்தபோது பதிப்பாளர், "அதை மாத்திடலாமாங்க?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தண்ணீர்தான் நல்ல முடிவு. தமிழாசிரியருக்கு நன்றி மட்டும் எழுதினேன், உண்மையைச் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

இதற்கெல்லாம் மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். சில பழக்கங்கள் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஐந்திலிருந்து ஏழு வரை எழுத்து, அதுவரை கைபேசி சமையலறையில். ஒரு கதையை அனுப்பிய அன்றே புதிய மெய்ப்பு வேலை ஒன்றை ஒப்புக்கொள்வேன், கைடு கிடைத்தால் விசேஷம். 'பொருத்துக' பகுதியில் விடைகள் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும்போது மனசு எங்கேயும் ஓடாது, ஓடினால் ஒரு பையனுக்கு மதிப்பெண் போகும். பாராட்டு வந்தால் ஒரு நாள் கொண்டாடிவிட்டு நோட்டில் தேதி போட்டு எழுதி மூடிவிடுவேன். திட்டு வந்தாலும் அதே நோட்டு, அதே பேனா.

ரொம்பத் தாழ்ந்துபோகும் நாட்களில் சி.சு. செல்லப்பாவை நினைத்துக்கொள்வேன். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிப் பதினோரு வருடம் கட்டி இழுத்தவர். புத்தகக் கட்டைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றவர். 1998இல் இறந்தார், சாகித்ய அகாதெமி விருது 2001இல் வந்தது. விருதைப் பற்றி நான் யோசிப்பதில்லை. கட்டை இறக்கி வைத்து வியர்வையைத் துடைத்தபின் அடுத்த கல்லூரிக்கு எந்த பஸ் என்று விசாரித்திருப்பார் அல்லவா, அந்த நிமிடத்தைத்தான்.

பொறாமைக்கு மட்டும் எதுவும் வேலை செய்வதில்லை. போன மாதம் ஒரு நாவல் மெய்ப்புக்கு வந்தது. என்னோடு எழுதத் தொடங்கிய பெண். எங்கள் முதல் கதைகள் ஒரே இதழில், பக்கத்துப் பக்கத்தில் வந்தன. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். நாற்பதாவது பக்கம் வரும்போது பேனாவை மூடி வைத்திருந்தேன். நன்றாக எழுதியிருந்தாள். என்னால் முடியாத அளவுக்கு. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன், துணி மடித்தேன், திரும்ப வந்தேன். அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் மிக அழகாக இருந்தது. "அவள் முதன்முறையாகக் கிணற்றை பார்த்தாள்." வரப்போவது என்னவென்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த 'முதன்முறையாக' புரியும். ஒரு 'ப்' விட்டுப்போயிருந்தது. ஓரத்தில் அதை எழுதிச் சேர்த்தேன்.

வாசலில் செருப்புச் சத்தம். "அம்மா, இன்னிக்கு நீ..."

"வாழைக்காய் இருக்கான்னு பாரு" என்றேன்.