ரிங் முனையும் ஒரு அட்டைத் துண்டும்

வீடு கட்டும் இடத்துக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது கம்பி வளைக்கும் பலகையைத்தான். ஒரு காலத்தில் சிமெண்ட் கலவையைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

நிலநடுக்கத்துக்குப் பின் கிராமத்து வீடுகளைத் திரும்பக் கட்டிய வேலை. மூலைத் தூணுக்குக் கட்ட வைத்திருந்த ரிங் ஒன்றை, அதாவது தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் கம்பி வளையத்தை, தற்செயலாகக் கையில் எடுத்தேன். முனை இரண்டும் வெறும் 90 டிகிரியில் மடங்கியிருந்தன. "கான்கிரீட் போட்டா எல்லாம் உள்ள போயிடும் சார்" என்றார் மேஸ்திரி. போகும்தான். ஆனால் பூமி ஆடும்போது மேலோட்டுக் கான்கிரீட் முதலில் உதிரும். அப்புறம் அந்த முனைக்குப் பிடிமானம் இல்லை. ரிங் வாயைப் பிளக்கும், நெடுக்குக் கம்பி பிதுங்கும். முனையை 135 டிகிரிக்கு வளைத்துத் தூணின் வயிற்றுக்குள் விட்டால் மேலோடு போனாலும் பிடி விடாது. முந்தின வாரம் நானே சரி சொல்லி கான்கிரீட் போட்ட நாலு தூணை உடைக்க வேண்டியதாயிற்று. செலவு யார் தலையில் என்ற சண்டை தனிக் கதை.

1993இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரி நிலநடுக்கத்தில் ஆளைக் கொன்றதும் இந்தப் பிடிமானக் குறைதான். கனமான கல்சுவர், உள்முகக் கல்லையும் வெளிமுகக் கல்லையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குக் கல் பெரும்பாலும் இல்லை. மேலே மண்கூரையின் பாரம் வேறு. அதற்காக மண்வீடே கூடாது என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2001இல் குஜராத்தின் கட்ச் நிலநடுக்கத்தில் புங்கா எனும் வட்ட மண்வீடுகள் பல தாக்குப்பிடித்தன. வட்டத்தில் பிய்த்துக்கொள்ள மூலை ஏது?

தூண் உடைத்த வீட்டுக்கார அம்மா அன்று முழுக்கப் பக்கத்திலேயே நின்றார். டிகிரியெல்லாம் சொன்னால் புரியாதே என்று சதுர அட்டை ஒன்றைக் குறுக்கே மடித்துக் கொடுத்தேன். 135 டிகிரி வளைத்தால் முனைக்கும் கம்பிக்கும் நடுவே மிஞ்சுவது 45, மடித்த அட்டையின் கூரும் அதேதான். "முனைக்கும் ரிங் கம்பிக்கும் நடுவுல இந்தக் கூர் பொருந்தணும்மா. அகலமா இடைவெளி இருந்தா திருப்பி அனுப்புங்க."

ரெண்டு வாரம் கழித்துப் போனபோது அவர் தன் வீட்டில் இல்லை. நாலு வீடு தள்ளி, ரிங் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அட்டை ஓரம் நைந்து கறுத்திருந்தது. ஒதுக்கி வைத்த ஏழெட்டு ரிங்கைக் காட்டி, "இதெல்லாம் வாயைத் திறந்துட்டு இருக்கு தம்பி" என்றார். மேஸ்திரி என்னைப் பார்க்காமல் கம்பியை எடுத்துப் பலகையில் வைத்தார்.