விசிலுக்கு முன்னால் கால்: கால்பந்து நடுவராகப் பழகிய அனுபவம்

மாவட்ட அளவு நடுவர் தேர்வு முடித்து, பள்ளி ஆட்டங்களிலும் உள்ளூர் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) போட்டிகளிலும் விசில் ஊதி வருகிறேன். இதுவரை எது கைகொடுத்தது, எதில் இன்னும் உழைக்க வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். நடுவராக வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் விதிப் புத்தகம். மொத்தம் 17 விதிகள்தான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வரிசையாகப் படிக்காமல் 12, 11 இரண்டையும் முதலில் படியுங்கள் என்பேன். ஃபவுல், ஆஃப்சைடு (பந்து உதைக்கப்படும் நேரத்தில் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரைத் தாண்டி நின்று ஆட்டத்தில் சேர்வது) இரண்டும் புரிந்துவிட்டால் மற்றவை வேகமாக மண்டையில் ஏறும். 12ஆம் விதியில் எனக்கு மிகவும் உதவியது அந்த மூன்று படிகள். வெறும் கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆனாலும் சரி என்று முரட்டுத்தனமாகப் போனால் மஞ்சள். அளவுக்கு மீறிய பலம் என்றால் சிவப்பு. ஒவ்வொரு மோதலையும் இந்த மூன்றில் எது என்று கேட்டுப் பழகினால், கார்டுக்குக் கை போவதில் தயக்கம் குறைகிறது.

விதிகளில் ஆண்டுதோறும் மாற்றங்கள் வரும்; பெரும்பாலானவை ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும். அதைப் படிக்காமல் மைதானத்துக்குப் போகக் கூடாது. கோல் கிக் பெனால்டி ஏரியாவை விட்டு வெளியே வர வேண்டும் என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 2019லேயே மாறிவிட்டது. 2025இல் வந்தது கீப்பருக்கான 8 நொடி விதி. பந்தைக் கையில் அதற்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 நொடியை நடுவர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். உள்ளூர் ஆட்டங்களில் இதை ஆட்டத்துக்கு முன்பே இரண்டு கேப்டன்களிடமும், கீப்பர்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் விதி தெரிந்தால் மட்டும் போதாது. சரியான இடத்தில் நிற்காதவருக்கு ஃபவுலே கண்ணில் படாது. என் ஆட்டம் முன்னேறியது என்று சொன்னால் அதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். விங்கரும் (ஓரமாக ஓடித் தாக்குபவர்) பேக்கும் (தடுப்பாட்டக்காரர்) தோளோடு தோள் உரசிக்கொண்டு கார்னர் பக்கம் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் பின்னால் ஓடினால் இரண்டு முதுகுதான் தெரியும். நாலைந்து தப்படி பக்கவாட்டில் விலகினால் இருவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரியும். அங்கேதான் இடுப்புப் பக்கம் ஜெர்சியைப் பிடித்திழுக்கும் விரல்கள் இருக்கும். பந்துக்குப் பக்கத்தில் போவதை விட இந்தக் கோணம் முக்கியம். அதனால்தான் மூலைக்கு மூலை குறுக்காக ஓடச் சொல்லித் தருகிறார்கள்; ஆட்டம் எப்போதும் நமக்கும் அந்தப் பாதியின் லைன்ஸ்மேனுக்கும் (கோட்டோரம் கொடி பிடிக்கும் துணை நடுவர்) நடுவில் இருக்கும்.

பள்ளி ஆட்டங்களில் பல சமயம் லைன்ஸ்மேனே கிடையாது. அப்போது அந்தக் குறுக்குக் கோட்டை விட்டுவிட்டு, பந்து முன்னால் போவதற்கு முன்பே கடைசித் தடுப்பாட்டக்காரர்கள் பக்கம் அகலமாக நகர்ந்துவிடுகிறேன். ஆஃப்சைடு பார்க்க வேறு வழியில்லை. மூச்சு வாங்கும், ஆனாலும் அதுதான் சரி.

விசிலை மிச்சம் பிடிக்க வேண்டும். தெளிவான த்ரோவுக்கும் கார்னருக்கும் கோலுக்கும் விசில் தேவையே இல்லை. கையைக் காட்டினால் போதும். எல்லாவற்றுக்கும் ஊதினால், நிஜமாகவே முரட்டு ஃபவுல் வரும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சாதாரண ஃபவுலுக்குக் குட்டையாக ஒரு ஊதல், கார்டுக்கு உரிய ஃபவுலுக்கு நீளமாக, பலமாக. உள்ளே உருண்டை இல்லாத ஃபாக்ஸ் 40 வகை விசில் வாங்கினேன். எச்சில் படிந்தாலும் அடைத்துக்கொள்வதில்லை. மொட்டை மாடியில் ஊதிப் பழகியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுமையாக இருந்தது பெரிய உதவி.

“சார், ஹேண்ட்ஸ் சார்!” இது வராத ஆட்டம் இல்லை. கையில் பட்டாலே குற்றம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். வேண்டுமென்றே தொட்டானா, கையை இயல்புக்கு மாறாக விரித்து உடம்பைப் பெரிதாக்கினானா என்றுதான் பார்க்க வேண்டும். விளக்கம் சொல்ல நின்றால் ஆட்டம் போய்விடும். “கை உடம்போடதான் இருந்துச்சு தம்பி, ஆடு” என்று ஓடிக்கொண்டே சொல்கிறேன். பெரியவர்கள் ஆட்டத்தில் குரல் ஏறினால், ஒதுக்குப்புறமாகக் கேப்டனைக் கூப்பிட்டு ஒரே ஒரு முறை தாழ்ந்த குரலில் பேசுகிறேன். அதற்கு மேல் போனால் கார்டுதான்.

ஆட்டத்துக்கு முன்னால் கோல் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் நான் தொடங்குவதில்லை. தூக்கி வைக்கும் கம்பங்களைக் கட்டாமலே விட்டுவிடுகிறார்கள். வலையைப் பிடித்துத் தொங்கும் சின்னப் பிள்ளைகள் மேல் சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. மணல் மூட்டை போடும் வரை காத்திருப்பேன், ஆட்டம் தாமதமானாலும் பரவாயில்லை. மே மாத வெயிலில் தண்ணீர் இடைவேளையும் அப்படித்தான், யாரும் கேட்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். உடல் வெப்பம் தணிய 3 நிமிடம் வரை நிறுத்த விதியே இடம் தருகிறது.

இப்போது லைன்ஸ்மேன் வேலையில் கவனம் செலுத்துகிறேன். 2002 உலகக் கோப்பையில் கொடி பிடித்த சங்கர் நம் சென்னைக்காரர் என்பது எனக்குப் பெரிய ஊக்கம். அப்புறம் ஃபிஃபா நடுவர் பட்டியல் வரை போன திண்டுக்கல் ரூபா தேவி. கோட்டில் நிற்கும்போது கண்ணைக் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரர் மேலேயே வைத்து, பந்தை உதைக்கும் சத்தத்தைக் காதால் பிடிக்கப் பழகுகிறேன். கொடியை உடனே தூக்காமல், பந்து யாரிடம் போகிறது என்று பார்த்துவிட்டுத் தூக்குவது இன்னும் கைவரவில்லை; அவசரப்படும் கையை அடக்குவதுதான் கஷ்டம்.

அடுத்து உடற்தகுதி. சர்வதேச ஆண் நடுவர்களுக்கான உடற்தகுதித் தேர்வில் 40 மீட்டர் ஓட்டம் 6 முறை, ஒவ்வொன்றும் 6 நொடிக்குள். அப்புறம் 75 மீட்டரை 15 நொடியில் ஓடி, 25 மீட்டரை 18 நொடியில் நடந்து, இப்படியே 40 முறை. மொத்தம் 4 கிலோமீட்டர். எங்கள் அளவில் இவ்வளவு கடுமை இல்லை. ஆனாலும் அதே முறையில், நடைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் ஓடுகிறேன். பாதித் தூரம் வரை நேரம் சரியாக வருகிறது. அதற்குப் பிறகு நடைக்கான நேரத்தில் மூச்சு திரும்புவதில்லை. அடுத்த மாதங்களில் அதைத்தான் சரி செய்ய வேண்டும்.