தொனிக்கு மதிப்பெண் போடும் வேலை

உளவியல் ஆராய்ச்சி என்றதும் பலருக்கும் மைத்தீற்றல் அட்டைகளும் சாய்வு நாற்காலியும்தான் நினைவுக்கு வரும். என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பிறர் பேச்சைக் கேட்பதிலேயே போனது. வீட்டில் மனச்சிதைவு நோயுள்ள ஒருவரைப் பற்றி அவருடைய அம்மாவோ அண்ணனோ மனைவியோ பேசிய பதிவைக் கேட்க வேண்டும். எந்த இடத்தில் குரல் ஏறுகிறது, எங்கே கசப்பு, எங்கே வாஞ்சை என்று தாளில் குறிக்க வேண்டும். கையெழுத்து வாங்கி, முன் அனுமதியோடு எடுத்த பதிவுகள்தான். இருந்தாலும் ஒட்டுக் கேட்கிறோமோ என்ற கூச்சம் கடைசி வரை முழுக்கப் போகவில்லை.

நான் முதலில் படித்தது சமூக உளவியல். அந்தப் பாடத்தில் என்னைப் பிடித்திழுத்தது வெளிநாட்டு ஆய்வுக்கூடச் சோதனை எதுவும் இல்லை, நம் நாட்டு நிலநடுக்கம் ஒன்று. 1934 ஜனவரியில் பிகாரில் பூமி அதிர்ந்தபோது பாட்னாவில் இருந்த உளவியலாளர் ஜமுனா பிரசாத், மக்களிடையே பரவிய வதந்திகளைச் சேகரித்தார். அதிர்வை உணர்ந்தும் சேதம் எதையும் கண்ணால் காணாதவர்களிடையே, இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் ஓடின. பயந்துபோய் இருப்பவர்கள் ஏன் இன்னும் பயமுறுத்தும் செய்தியைப் பரப்ப வேண்டும்? பிற்பாடு அமெரிக்காவில் லியோன் ஃபெஸ்டிங்கர் இந்தக் கட்டுரையைப் படித்து இதே கேள்வியில் சிக்கினார். பயம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது, அதற்குப் பொருத்தமான காரணத்தை மனம் தேடிப் பிடிக்கிறது என்று எண்ணினார். ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்ணங்களை மனம் எப்படியாவது இசையவைக்கப் பார்க்கும் என்று சொல்லி 1957-இல் அவர் வெளியிட்ட அறிவுசார் முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு இது ஒரு தொடக்கப் புள்ளி. டார்ஜிலிங் நிலச்சரிவில் நேரடியாக அடிபட்டவர்களை துர்கானந்த் சின்ஹா ஆராய்ந்தபோது அப்படிப்பட்ட வதந்திகள் தென்படவில்லை. அவர்களுடைய பயத்துக்கான காரணம் கண்ணெதிரே கிடந்தது.

பிறகு மருத்துவ உளவியலுக்கு மாறி ஓ.பி.யில் உட்கார்ந்தபோது, பிரசாத்தின் பிகார் அங்கேயும் வந்து நின்றது. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பையன் திடீரென்று சுவரோடு பேசுகிறான். வீட்டுக்குள் முதலில் வருவது பயம். அடுத்த வாரத்துக்குள் காரணங்கள் வரிசைகட்டும். செய்வினை, காதல் தோல்வி, அரியர், யாரோ டீயில் கலந்துகொடுத்தது. ஒவ்வொரு உறவினரிடமும் ஒவ்வொரு காரணம். கேஸ் ஷீட்டில் இதற்கெல்லாம் ஒதுக்கியிருந்தது ஒரே வரிதான். மருத்துவ உளவியல் ஆட்கள் நோயாளியைப் பார்ப்பார்கள். சமூக உளவியல் ஆட்கள் கல்லூரி மாணவர்களை வரிசையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். நோயாளியின் வீடு இரண்டு தரப்புக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடந்தது.

அந்த வீட்டை முதலில் அளக்கத் துணிந்தவர் லண்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பிரவுன். அவர் மருத்துவர் இல்லை, சமூகவியல் பின்னணியில் வந்தவர். 1950-களில் புதிய மருந்துகள் வந்து மனநல மருத்துவமனைகளிலிருந்து பலர் வீடு திரும்பிய காலம். வெளியேறியவர்களில் யார் மறுபடி சேர்க்கப்படுகிறார்கள் என்று பார்த்தபோது ஒரு விநோதம் தெரிந்தது. பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறைக்கோ உடன்பிறந்தோர் வீட்டுக்கோ போனவர்கள் நன்றாக இருந்தார்கள். நெருக்கம் நல்லதுதானே செய்யும் என்ற எதிர்பார்ப்புக்கு நேர்மாறு. அதைத் துரத்திப் போய்த்தான் குடும்பத்தாரிடம் நீண்ட நேர்காணல் எடுத்து, அவர்கள் எத்தனை முறை குறை சொல்கிறார்கள், வெறுப்பு உண்டா, அளவுமீறிய ஈடுபாடு உண்டா என்று மதிப்பெண் போடும் முறையை அவருடைய குழு உருவாக்கியது. 1976-இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் முந்தைய ஆய்வின் தரவையும் தங்கள் தரவையும் சேர்த்து 128 நோயாளிகளைப் பார்த்தார்கள். குறை, வெறுப்பு, அளவுமீறிய ஈடுபாடு மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மதிப்பெண்ணை இங்கே கடுகடுப்பு என்று சொல்கிறேன். கடுகடுப்பு குறைந்த வீடுகளில் 13 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. அதிகமான வீடுகளில் 51 சதவீதம். அப்படிப்பட்ட வீட்டிலும் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக முகம் பார்த்துக்கொண்டால் 28, அதைத் தாண்டினால் 69. ஒரு மருந்தின் சோதனையில் இந்த அளவு வித்தியாசம் வந்திருந்தால் ஊரே கொண்டாடியிருக்கும்.

இந்த முறையைத் தமிழ் வீடுகளில் கையாண்டதுதான் என் வேலை. குறை சொல்வதை இரண்டு விதத்தில் குறிக்கலாம்: சொன்ன விஷயமே தெளிவான வெறுப்பாக இருந்தால் குறிக்கலாம், விஷயம் சாதாரணமாக இருந்தும் தொனி கசந்தால் அப்போதும் குறிக்கலாம். படிக்க எளிது. ஓர் அம்மா சொன்னார், "பத்து மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டான் சனியன். பல்லு தேய்டான்னா மொறைப்பான். அப்புறம் அவனே வந்து அடுப்பங்கரையில நின்னுக்குவான், பசிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டான்." எழுத்தில் படித்த சக ஆய்வாளர் இரண்டு குறை போட்டார். ஒலியில் கேட்டால் ‘சனியன்’ என்ற இடத்தில் குரல் இறங்கிக் கனிகிறது, கடைசி வாக்கியத்தில் சிரிப்பே வருகிறது. அதே வாரம் ஓர் அண்ணன்: "நல்ல பையன்தாங்க. ஒரு குறையும் சொல்ல முடியாது. நான்தான் எங்க போனாலும் இழுத்துக்கிட்டுப் போறேன்." ஒவ்வொரு சொல்லையும் எண்ணி வைத்த பேச்சு. அந்த அண்ணனுக்குத்தான் மதிப்பெண் கூடியது. ஆறு மாதத்தில் தம்பியை மறுபடி வார்டில் பார்த்தேன். இதை ஒற்றை உதாரணம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் இப்படிப்பட்டவைதான் நினைவில் தங்குகின்றன.

நேர்காணல் நீளமாக இருக்கிறதே என்று 1986-இல் ஐந்து நிமிடப் பேச்சு முறை ஒன்று வந்தது. உறவினர் குறுக்கீடு இல்லாமல் ஐந்து நிமிடம் நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும், நாம் வாயைத் திறக்கக் கூடாது. யோசித்தவர் சென்னையில் ஒரு ஹவுசிங் போர்டு வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார். இரண்டாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டக்கா வந்து தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போவார். நாலாவது நிமிடத்தில் நோயாளியே உள்ளிருந்து, "அது அப்படி இல்ல சார்" என்று திருத்துவார். எனக்கென்னவோ அந்தக் குறுக்கீடுகளில்தான் விஷயம் இருந்ததாகப் படுகிறது, படிவத்தில் அவற்றுக்கு இடமில்லை.

அளவுமீறிய ஈடுபாடு என்ற பிரிவில்தான் எங்களுக்குள் அதிகம் சண்டை. முப்பத்தைந்து வயது மகனுக்குச் சோறு பிசைந்து தருகிறார் அம்மா. கையேட்டின்படி மதிப்பெண் ஏறும். நோயே இல்லாத எத்தனையோ வீடுகளில் இது அன்றாடம் நடப்பதாயிற்றே! கடைசியில் நாங்கள் வேறு கேள்வி கேட்கத் தொடங்கினோம்: கூடப் பிறந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனீர்களா? கடைசியாகக் கண் டாக்டரைப் பார்த்தது எப்போது? தன் வாழ்க்கையை எவ்வளவு மூடிவைத்திருக்கிறார் என்பது அதில்தான் தெரிந்தது.

சண்டிகரில் நரேந்திர விக் குழுவினரும் லெஃபும் சேர்ந்து செய்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. கடுகடுப்பு அதிகமான குடும்பங்கள் அங்கே நான்கில் ஒன்றுக்கும் குறைவு, லண்டனில் ஏறத்தாழ பாதி. உடனே கூட்டுக் குடும்பத்தின் பெருமை பேசப்பட்டது. அதே நோயாளிகளை இரண்டு ஆண்டு தொடர்ந்தபோது மொத்த மதிப்பெண் எதையும் கணிக்கவில்லை, வெறுப்பு ஒன்றுதான் கணித்தது. இதைப் பெருமை பேசியவர்கள் சொல்வதில்லை. சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் 90 நோயாளிகளோடு தொடங்கிப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை நடத்திய டாக்டர் ஆர். தாராவே, வளரும் நாடுகளில் இந்த நோயின் போக்கு நல்லதுதான் என்ற பொதுக்கருத்தைக் கேள்விகேட்டு 2008-இல் வெளிவந்த கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

இந்தத் துறையின் உண்மையான ஆபத்து வேறு. 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மான் மனச்சிதைவை உண்டாக்கும் அம்மாக்கள் என்று எழுதப்போய், ஒரு தலைமுறை அம்மாக்கள் கூண்டில் நின்றார்கள். எங்கள் மதிப்பெண்ணையும் அப்படிப் படிக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகினார்கள், 28 உயிர். பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய்க் கட்டிப்போட்டார்களே என்று அன்று பேசாத வாய் இல்லை. நான் சந்தித்த குடும்பங்களில் பல, அங்கே போவதற்கு முன் நகையையும் நிலத்தையும் விற்று டாக்டர் டாக்டராக அலைந்தவை. இரவில் கண் மூடாத மகனைக் காவல் காத்தபடி வருடக்கணக்கில் தூங்காதவரின் குரலில் கசப்பு ஏறாமல் வேறு என்ன ஏறும்? கடுகடுப்பு நோயைத் திருப்புகிறதா, நோய் கடுகடுப்பை வளர்க்கிறதா என்றால் இரண்டும்தான் என்பேன். குடும்பத்துக்கு நோயைப் பற்றிப் புரியவைத்து, பாரத்தைக் கொஞ்சம் இறக்கினால் இரண்டும் குறைவதைப் பார்த்திருக்கிறேன். 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து உறவினர்களைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையத்தில் இன்றும் நோயாளியோடு குடும்பமும் தங்குகிறது. எந்த அளவுகோலும் கைக்கு வருமுன்பே அவர்கள் செய்துவிட்ட காரியம் இது.

ஆய்விதழ்களோடு பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுரைத் தலைப்பில் ‘இந்தியாவில்’ என்று சேர்க்கச் சொல்வார்கள். அமெரிக்க மாணவர்களை வைத்து எழுதுகிறவரிடம் யாரும் ‘மிச்சிகனில்’ என்று சேர்க்கச் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை. உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010-இல் ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்களும் எடுத்துக்காட்டிய பிறகு மதிப்பாய்வாளர்களின் தொனி சற்றே மாறியது. அவர்களுக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

இப்போது நான் நேர்காணல் எடுப்பதில்லை. எடுக்கிற மாணவர்களோடு உட்கார்ந்து கேட்கிறேன். போன வாரம் ஒரு சர்ச்சை. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அண்ணன் தினமும் இரவு வாட்ஸ்அப் வீடியோவில் வந்து, தம்பி மாத்திரை போட்டானா, குளித்தானா, ஏன் தாடி வைத்திருக்கிறான் என்று ஒரு மணி நேரம் கேள்விகேட்கிறார். வாரத்துக்கு 35 மணி நேரம் என்ற கணக்கில் இதைச் சேர்ப்பதா? திரையிலானாலும் முகத்துக்கு முகம்தான், சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. தம்பி நினைத்தால் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடலாமே, ஒரே வீட்டில் இருக்கும் அண்ணனை அப்படிச் செய்ய முடியுமா என்கிறாள் மாணவி. இரண்டு விதமாகவும் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.