42 கீயில் ஞ-வுக்கு இடமில்லை

வலது சுண்டுவிரலில் ஆரம்பித்த வலி மணிக்கட்டு வரை ஏறியதும்தான் கீபோர்டை மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. கும்பகோணத்தில் டிடிபி வேலை. முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை, மற்ற நாட்களில் கோயில் நோட்டீஸ். எல்லாம் தமிழ்99 என்ற கீபோர்டு எழுத்து அமைப்பில்தான்.

வாங்கியது கோர்னே கிட், பாகங்களை வாங்கி நாமே பொருத்திக்கொள்ளும் கீபோர்டு. கைக்கு 21 வீதம் 42 கீ, இரண்டு தனித்தனித் துண்டு. சாதாரண கீபோர்டில் வரிசைகள் சாய்வாக விலகி நிற்பது டைப்ரைட்டர் காலத்து மிச்சம். இதிலோ கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி பத்திகள் நேராக இருக்கின்றன. நடுவிரல் பத்தி மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து சால்டரிங் செய்தேன். ழ கீயின் டயோடை (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்னப் பாகம்) திருப்பி வைத்துவிட்டேன், ழ மட்டும் விழவில்லை. பிடுங்கி மாற்றினேன், சரியானது.

தமிழ்99-க்கு இந்த வடிவம் அளவெடுத்துத் தைத்த சட்டை. தமிழக அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட அந்த அமைப்பில் உயிரெழுத்து பன்னிரண்டும் இடக்கையில், வ, ங தவிர மெய் எல்லாம் வலக்கையில். ம-வை அடுத்து ப அடித்தால் புள்ளி தானாக விழும். ‘கும்பகோணம்’ ஒன்பதே தட்டு, ஷிஃப்ட்டே வேண்டாம்.

சிக்கல் ‘தஞ்சாவூர்’ அடிக்கும்போது வந்தது. தமிழ்99-இன் மேல்வரிசையில் வலக்கைக்கு ஏழு கீ வேண்டும், கோர்னேயில் ஆறுதான். பேக்ஸ்பேஸ் இருந்த ஓரத்து கீயை ச-வுக்குக் கொடுத்தேன். ஞ தெருவில் நின்றது. முதலில் லேயரில், அதாவது ஒரே கீக்கு இரண்டாவது வேலையாகப் போட்டேன்: இடது கட்டைவிரலை அமுக்கிக்கொண்டு ச அடித்தால் ஞ. விரல் ஒரு நொடி பிந்தினால் இரண்டும் ச ஆகி, நடுவில் புள்ளியும் விழுந்து ‘தச்சாவூர்’ என்று வரும். மஞ்சள் மச்சளானது, பஞ்சு பச்சானது. ஒரு மஞ்சள் நீராட்டு விழா பத்திரிகையே அப்படி அச்சுக்குப் போயிருக்கும், புரூஃபில் பிடித்தேன். கடைசியில் வலது கட்டைவிரலின் ஓரத்தில் இருந்த ஆல்ட்டை எடுத்துவிட்டு ஞ-வைக் குடிவைத்தேன். இப்போது கட்டைவிரல் ஞ, சுண்டுவிரல் ச. அந்த ஒரு மாற்றத்திலேயே சுண்டுவிரலுக்குப் பாதி வேலை குறைந்தது.

அப்புறம் சாய்வு. உள்ளங்கை தரையைப் பார்க்காமல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தால் முன்கை முறுக்காது. தெருக்கோடி ஆசாரியிடம் இரண்டு ஆப்பு செதுக்கச் சொன்னேன். “கதவுக்கா தம்பி?” என்றார். கீபோர்டுக்கு என்றதும் இரண்டு துண்டையும் கையில் வாங்கிப் பார்த்து, “எந்தப் பக்கம் ஒசரம்?” என்று மட்டும் கேட்டார். கட்டைவிரல் பக்கம்தான் உயரம்.

வேகம்: பழைய கீபோர்டில் நிமிடத்துக்கு 32 சொல். முதல் வாரம் ஒன்பது, எரிச்சல்தான் மிச்சம். ஏழாம் வாரம் 27. மணிக்கட்டு வலி மாலையில் வருவதில்லை. சுண்டுவிரல் மட்டும் ச நிறைய வரும் நாட்களில் முணுமுணுக்கிறது.

கடையின் இன்னொரு கம்ப்யூட்டரில் பழைய கீபோர்டுதான். அங்கே உட்கார்ந்தால் கட்டைவிரல் ஞ-வைத் தேடி ஆல்ட்டை அமுக்குகிறது.